அக்காவுக்கு எழுதிக் கொடுத்த பதில்கள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் மறைத்துவிட்டதாக யாரும் சொல்லக் கூடாது. இது கோடு போட்ட ஒரு முழுத்தாளிலிருந்து வந்தது. அந்தத் தாளில் என் கையெழுத்தில் ஒன்பது பதில்கள் இருந்தன. விமானத்திலிருந்து இறங்கி, வேறொரு நாட்டின் குடியேற்ற அதிகாரி முன்னால் நின்று என் அக்கா சொல்ல வேண்டிய பதில்கள். கேள்விகளை அவர்கள்தானே கேட்கப் போகிறார்கள் என்று பதில்களை மட்டும் எழுதினேன். அது முதல் தப்பு. இரண்டாவது தப்பைப் பற்றியது கதை.

தாள் இப்போது என்னிடம் இல்லை. அதிகாரி வாங்கி வைத்துக்கொண்டார். (திருப்பிக் கேட்கலாம் என்றாள் அக்கா. நான்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.) ஆகவே நினைவிலிருந்து எழுதுகிறேன். நான் இதுவரை எழுதியவற்றிலேயே மிக நல்ல வாசகி கிடைத்தது அந்தத் தாளுக்குத்தான். ஒரு சொல் விடாமல் படித்தாள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

‘மேகங்களைக் கிழித்துக்கொண்டு விமானம் இறங்கியபோது அவளுடைய மனம்’

நிறுத்திவிட்டேன். மேகத்தை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. அக்கா கண்ணை மூடிக்கொண்டு, உதட்டை அசைத்து, பதில்களை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு இப்படி:

‘ஒரு தாய் தன் மகளைச் சென்றடைய எத்தனை வாசல்களைத் தாண்ட’

மேடைப் பேச்சு வாடை. இதுவும் வேண்டாம்.

மூன்றாவது தொடக்கத்தில் அழகு ஒன்றும் இல்லை. அதனாலேயே நிற்கட்டும். காலை எட்டே காலுக்கு விமானம் தரையைத் தொட்டது. அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு அக்காவின் மகளுக்கு அறுவை சிகிச்சை. பிரசவ நாளுக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனதால் குழந்தையை எடுத்துவிடுவது என்று மருத்துவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். அவளுடைய கணவனுக்குக் கடல் நடுவே எண்ணெய்க் கிணற்றில் வேலை. அவன் கரைக்கு வர இரண்டு நாள் ஆகும். பெண் ஆஸ்பத்திரிக் கட்டிலில் தனியாகப் படுத்திருந்தாள். நாங்கள் விமானம் ஏறும் முன் அவள் அனுப்பிய கடைசிச் செய்தி இது: ‘அம்மா பன்னெண்டுக்குள்ள வந்துடுவாங்கல்ல சித்தி?’

வந்துவிடுவார்கள் என்று நான் பதில் அனுப்பியிருந்தேன். எழுதிவிட்டால் நடந்துவிடும் என்று நம்புகிற ஜாதி நான்.

3

இனி அக்காவை அறிமுகம் செய்ய வேண்டும். எனக்கு எப்போதும் கை தடுமாறுகிற இடம் இது. முப்பது வருடமாக அவளை ஏதோ ஒரு வேஷத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு கதையில் நர்ஸ், ஒன்றில் ஓடிப்போனவள், ஒன்றில் ஊமை. ஊமைக் கதை வந்தபோது ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, “ஊமை எப்படிடி பேசுவா?” என்றாள்.

இந்த முறை வேஷம் இல்லை. அக்கா நீதிமன்றத்தில் முப்பத்தோரு வருடம் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். சாட்சி கூண்டில் நின்று பேசப் பேச அடிப்பாள். சாட்சி அழுதால் அடைப்புக்குறிக்குள் ‘சாட்சி அழுகிறார்’ என்று அடிப்பாள். முடிந்ததும் அடித்தது முழுவதையும் சாட்சிக்கு வாசித்துக் காட்டுவாள், அடைப்புக்குறிக்குள் இருப்பதையும் சேர்த்து. ஒருவன் சண்டைக்கே வந்தானாம், நான் எங்கம்மா அழுதேன் என்று. “அழுதீங்க. எழுதியிருக்கு,” என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டாளாம்.

எங்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் எல்லாம் தெரிந்தவர் போல முகத்தை வைத்துக்கொள்வார். அவர்தான் ஆரம்பித்து வைத்தார்.

“புள்ளப்பேறு பாக்கப் போறேன்னு மட்டும் சொல்லிடாதீங்கம்மா. கொழந்த வளக்கற வேலைக்கு ஆள் வந்திருக்குன்னு நெனச்சுத் திருப்பி அனுப்பிடுவாங்க. சுத்திப் பாக்க வந்தேன்னு சொல்லுங்க. மூணே நிமிஷம், வெளிய வந்துடலாம்.”

வீடு வந்து சேர்ந்தோம். செருப்பைக் கழற்றும்போது அக்கா கேட்டாள்.

“அப்ப பொய் சொல்லணுமா?”

“பொய் இல்லக்கா. பாதி உண்மை. ஊரையும் பாக்கத்தானே போற?”

“பாதி உண்மை சொன்ன சாட்சிய எங்க ஜட்ஜ் எப்படிப் பாப்பார் தெரியுமா?”

“இது கோர்ட் இல்ல.”

“நிக்கவச்சுக் கேக்கறாங்க. நான் சொல்றத எழுதிக்கறாங்க. பொய்னு தெரிஞ்சா தண்டனை. வேற என்னவாம் அது?”

நான் தாளை எடுத்து எழுத உட்கார்ந்தேன். வாதத்தில் தோற்கும்போது நான் செய்வது அதுதான்.

பதில் ஒன்று: ஊர் சுற்றிப் பார்க்க வந்திருக்கிறேன். (மகளுடைய பிரசவத்தைப் பற்றி வாயே திறக்காதே.)

பதில் இரண்டு: மகள் வீட்டில் தங்குவேன். (சிரித்த முகமாகச் சொல்.)

பதில் மூன்று: திரும்பிப் போக டிக்கெட் இருக்கிறது. (எடுத்துக் காட்டு. கை நடுங்கக் கூடாது.)

இப்படியே ஒன்பது வரை. பதில்கள் எல்லாம் சாதாரணமானவை. அடைப்புக்குறிகளில்தான் நான் இருந்தேன்.

4

குடியேற்றக் கூடத்தைக் கொஞ்சம் விவரிக்கிறேன். (விவரணை பிடிக்காதவர்கள் ஐந்துக்குப் போய்விடலாம். அக்காவும் அதைத்தான் செய்வாள்.)

நாடாக் கயிறு கட்டிய கம்பங்களுக்கு நடுவே வரிசை மடிந்து மடிந்து போனது. ஒரே முகங்களை மறுபடி மறுபடி எதிரில் பார்த்தோம். முதல் மடிப்பில் சிரித்துக்கொண்டவர்கள் மூன்றாம் மடிப்பில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், ஐந்தாம் மடிப்பில் மறுபடி சிரித்தார்கள். ஒரு குழந்தை பெட்டியின் மேல் குப்புறப் படுத்துத் தூங்கியது. கைபேசியை அணைக்கச் சொல்லிப் பலகை வைத்திருந்தார்கள். சுவரில் பெரிய கடிகாரம். யாரோ யோசித்துத்தான் அதை அங்கே மாட்டியிருக்க வேண்டும்.

“ஒம்பதேகால்,” என்றாள் அக்கா.

“நேரம் இருக்கு.”

“ஒம்பதரை.”

“அக்கா, நீ பாக்கப் பாக்க அது வேகமா ஓடுது. பாக்காத.”

கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். அதில் பிறக்கப்போகும் குழந்தைக்குப் பழைய பருத்தித் துணிகள். கிழித்து, மூன்று முறை துவைத்து, சதுரமாக மடித்தவை, நாற்பத்திரண்டு. பெட்டி தொலைந்துபோனாலும் அவை போகக் கூடாது என்று கையிலேயே வைத்திருந்தாள்.

இருவரையும் ஒன்றாக விடுவார்கள் என்று நினைத்திருந்தேன். வரிசையின் முனையில் நின்ற பெண் என்னை ஐந்தாம் கவுன்டருக்குப் போகச் சொன்னாள், அக்காவை ஏழுக்கு. அக்காவுக்கு மொழி வராது, நான் கூட வர வேண்டும் என்றேன். அவள் ஏழாம் எண்ணைக் காட்டிய கையை இறக்கவே இல்லை.

என்னுடையது அரை நிமிடத்தில் முடிந்தது. எதற்கு வந்தீர்கள்? ஊர் பார்க்க. என்ன வேலை? இல்லத்தரசி. சரளமாக வந்தது. முத்திரை விழுந்த சத்தம் கேட்டபோது எனக்குள் ஒரு சின்ன அகங்காரம்கூட எட்டிப் பார்த்தது. இரண்டு பொய், அரை நிமிடம்.

5

ஐந்தைத் தாண்டி உள்ளே போய்விட்டால் திரும்பி வர முடியாது. தூண் பக்கம் ஒதுங்கி, செருப்பு வாரைச் சரிசெய்வது போல் குனிந்துகொண்டேன். ஏழாம் கவுன்டரின் பேச்சு நன்றாகவே கேட்டது.

மூக்கு நுனியில் கண்ணாடி வைத்த அதிகாரி எண்ணைத் தட்டி, தொலைபேசியை மேசைமேல் வைத்தார். அதிலிருந்து தமிழ் வந்தது. நடுத்தர வயதுப் பெண்ணின் குரல்.

“வணக்கம்மா. நான் மொழிபெயர்ப்பாளர். நீங்க சொல்றத அப்படியே அவர்கிட்ட சொல்லுவேன். எதையும் விடமாட்டேன், எதையும் சேக்கமாட்டேன். அவசரமில்ல, வரிவரியாச் சொல்லுங்க.”

சாட்சிகளிடம் அக்கா முப்பத்தோரு வருடம் சொன்ன வார்த்தைகள் கிட்டத்தட்ட இவைதான். அவள் முதுகு நிமிர்ந்ததை நான் பார்த்தேன். பையை மேசைமேல் வைத்தாள். 

“எதுக்கு வந்திருக்கீங்கன்னு கேக்கறார்மா.”

“பதில் ஒன்று,” என்றாள் அக்கா. நீதிமன்றக் குரல். கூடத்தின் அந்தக் கோடிவரை போயிருக்கும். “ஊர் சுற்றிப் பார்க்க வந்திருக்கிறேன். அடைப்புக்குறி. மகளுடைய பிரசவத்தைப் பற்றி வாயே திறக்காதே. அடைப்புக்குறி முடிந்தது.”

தொலைபேசிக் குரல் தணிந்து கேட்டது.

“அம்மா. அந்த அடைப்புக்குறிக்குள்ள இருக்கறதையும் அவர்கிட்ட சொல்லணுமா?”

“எதையும் விடமாட்டேன்னு இப்பதானே சொன்னீங்க.”

குரல் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு மொழிபெயர்த்தது. நான் அந்த மொழியை அத்தனை வெறுப்போடு அதுவரை கேட்டதில்லை. அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டார். அக்கா பையைத் திறந்து, நான்காக மடித்த தாளை எடுத்து, மடிப்பை நீவி, எழுத்து அவர் பக்கம் இருக்கும்படி திருப்பிக் கொடுத்தாள். அலுவலகப் பழக்கம். அவருக்குத் தமிழ் தெரியாது.

அவர் எழுந்தார். பக்கவாட்டில் ஒரு கதவு திறந்தது. அக்கா அவர் பின்னால் போனாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

(இந்த இடத்தில் என் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. பயத்தில் பழைய பழக்கம் வந்துவிட்டதா, அல்லது பொய் சொல்ல மனமில்லாமல், மொழிபெயர்ப்பாளர் கையில் உண்மையை ஒப்படைத்துவிட்டாளா? பின்னால் கேட்டேன். “பயந்துட்டேன்டி” என்றாள். இன்னொரு நாள் கேட்டேன். “எழுதிக் கொடுத்தது நீ” என்றாள். இரண்டையும் பதிவு செய்துவிட்டேன்.)

6

காவலர் என்னைப் பெட்டிகள் வரும் இடத்துக்கு விரட்டினார். அங்கிருந்து கண்ணாடிச் சுவர் வழியாக அந்தக் கதவு தெரிந்தது. கதவுதான் தெரிந்தது. உள்ளே என்ன நடந்தது என்று தெரியவில்லை. கதை எழுதுகிறவளுக்கு இதைவிடப் பெரிய தண்டனையை யாரும் கண்டுபிடிக்க முடியாது.

எங்கள் நீலப் பெட்டி வார்ப்பட்டையில் சுற்றிச் சுற்றி வந்தது. ஊர் சுற்றிப் பார்க்க வந்தது அது ஒன்றுதான். பத்தொன்பது முறை சுற்றியதை எண்ணினேன். அதற்குள் அந்த அறைக்கு மூன்று வடிவங்கள் எழுதினேன், தலைக்குள்.

முதல் வடிவத்தில் அதிகாரி தாளைக் கிழிக்கிறார். அக்காவை வந்த விமானத்திலேயே ஏற்றுகிறார்கள். ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் கதவையே பார்த்துக்கொண்டு

முடிக்க முடியவில்லை. இப்போதும் முடியவில்லை.

இரண்டாம் வடிவத்தில் அதிகாரிக்கு அவருடைய அம்மா நினைவுக்கு வருகிறார். கண் கலங்குகிறது. இது என் ஆசை. இலக்கியம் இல்லை. அடித்துவிடுங்கள்.

மூன்றாம் வடிவத்தை எழுதும் முன் ஒன்றைச் சொல்ல வேண்டும்.* மூன்றாவதில் அக்கா அவர்களிடம் தன் பிரசவத்தைப் பற்றிச் சொல்கிறாள். அப்போது தன் பக்கத்தில் யாரும் இல்லை, அதனால்தான் மகள் பக்கத்தில் இருக்கக் கடல் தாண்டி வந்தேன் என்கிறாள். யார் வந்திருக்க வேண்டும் என்று அதிகாரி கேட்கிறார். தங்கை என்கிறாள். அந்தத் தங்கை இப்போது எங்கே என்று கேட்கிறார். வெளியில் பெட்டிக்காக நிற்கிறாள் என்கிறாள்.

* அக்காவுக்கு வலி எடுத்த அன்று நான் கூட இருப்பதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அம்மா காலமாகிவிட்டார், வேறு யாரும் இல்லை. அன்று மாலை என் முதல் கதைக்குப் பரிசளிப்பு விழா. ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம் என்று போனேன். மறுநாள் காலையில்தான் வந்தேன், கேடயத்தோடு. அக்கா ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டு மறு கையால் கேடயத்தை வாங்கிப் பார்த்தாள். “நல்லா கனமா இருக்குடி,” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, இருபத்தொன்பது வருடமாகவும் சொல்லவில்லை.

7

பத்து நாற்பதுக்குக் கதவு திறந்தது. அக்கா தனியாக வந்தாள். அவசரமே இல்லாமல், மதிய உணவுக்கு வெளியே வருகிறவள் போல நடந்து வந்தாள்.

“பெட்டி வந்துடுச்சா?”

“அக்கா.”

“என்னடி?”

“விட்டுட்டாங்களா?”

பாஸ்போர்ட்டைத் திறந்து முத்திரையைக் காட்டினாள். மை இன்னும் காயவில்லை. விரலால் தேய்த்துவிடுவேனோ என்று பயந்து கையை இழுத்துக்கொண்டேன். பிறகு அத்தனை பேர் நடுவில், தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அக்கா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அடைப்புக்குறி,” என்றாள். “தங்கை அழுகிறார். அடைப்புக்குறி முடிந்தது. பெட்டிய எடு, நேரமாவுது.”

அழுதுகொண்டே சிரித்தேன். அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, எழுதியவர்கள் யாரும் சரியாக எழுதியதாகவும் நினைவில்லை. வெளிக்கதவு தானாகத் திறந்தது. வெயில் முகத்தில் அடித்தது. முன்பின் தெரியாத ஒரு நாட்டின் வெயில், ஏதோ என் சொந்த வீட்டு வாசல் போல இருந்தது.

டாக்ஸியில் கொஞ்சம் சொன்னாள். அறையில் ஒரு மேசை, மூன்று நாற்காலி, காகிதக் குவளையில் தண்ணீர். பையைக் கொட்டிப் பார்த்தார்களாம். துணிகளை ஒன்றொன்றாகப் பிரித்த அதிகாரி, சுற்றிப் பார்க்க வந்தவருக்கு இத்தனை எதற்கு என்று கேட்டாராம். பிறகு பதில் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தாளில் இல்லாததைச் சொல்லுங்கள் என்றாராம்.

“சொன்னியா?”

“சொன்னேன்.”

“எவ்வளவு நேரம்?”

“நாலு நிமிஷம். நடுவுல போன்ல பேசின பொண்ணு, கொஞ்சம் இருங்கம்மான்னு தண்ணி குடிச்சிட்டு வந்தா.”

அதன்பிறகு அதிகாரி சொன்னாராம்: பிரசவம் பார்க்க இங்கே தினமும் அம்மாக்கள் வருகிறார்கள். அதை மறைத்தால்தான் எங்களுக்குச் சந்தேகம் வரும். இதை யார் எழுதிக் கொடுத்தது? தங்கை என்றாளாம் அக்கா. தங்கைக்கு என்ன வேலை?

“நீ என்ன சொன்ன?” என்றேன்.

“கதை எழுதறான்னு சொன்னேன்.”

“அவரு?”

“‘தெரியுது’ன்னாரு.”

8

பதினொன்று முப்பத்தைந்துக்கு ஆஸ்பத்திரி. பச்சை அங்கியில் அந்தப் பெண் சக்கரக் கட்டிலில் கிடந்தாள். “விட்டுட்டாங்களாம்மா?” என்றாள். “விடாம?” என்றாள் அக்கா. அறுவை அறைக் கதவுவரை மகளின் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். இந்த முறை கதவுக்கு இந்தப் பக்கம் நாங்கள் இருவரும் இருந்தோம். நான் ஒரு அங்குலம் நகரவில்லை.

பன்னிரண்டு நாற்பதுக்குக் குழந்தை. பெண். எடை கொஞ்சம் குறைவு, சத்தம் கொஞ்சம் அதிகம்.

(இதை நல்ல முடிவு என்பார்கள். கதை இங்கே முடிந்திருக்கலாம். எனக்கும் ஆசைதான்.)

9

எட்டு மாதம் கழித்து இதை எழுதி அக்காவிடம் கொடுத்தேன். பென்சிலோடு உட்கார்ந்து, வரிக்கு வரி புள்ளி வைத்துக்கொண்டே படித்தாள். நான் சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்தேன். ஏழாம் கவுன்டரில் நிற்பது எப்படி இருக்கும் என்று அப்போது கொஞ்சம் புரிந்தது.

மூன்றாம் வடிவத்துக்கு வந்ததும் பென்சில் நின்றது. நட்சத்திரக் குறியைத் தேடி அடிக்குறிப்பையும் படித்தாள்.

“கதைக்காரி.”

“சொல்லு.”

“அந்த நாலு நிமிஷத்துல நான் உன்னப் பத்தி ஒரு வார்த்தை பேசல. எல்லாரும் எப்பவும் உன்னப் பத்தியே பேசிட்டிருக்கறதா ஒரு நெனப்பு உனக்கு.”

எனக்குள் இருபத்தொன்பது வருடமாக இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று அவிழ்ந்தது. கூடவே, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு சின்ன ஏமாற்றம்.

“அன்னிக்கு நீ வரலன்னு கோவம் இருந்துச்சு,” என்றாள், தாளைப் பார்த்தபடியே. “குழந்தைக்குப் பல் மொளைக்கறவரைக்கும் இருந்துச்சு. அப்புறம் வேலை அதிகமாயிடுச்சு.”

“அப்ப அந்த நாலு நிமிஷம் என்னதான் சொன்ன?”

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“முப்பத்தோரு வருஷம் ஊர்ல உள்ளவங்க சொன்னதெல்லாம் அடிச்சேன். நான் சொன்னத யாரும் அடிக்க வேணாம்.”

நான் வற்புறுத்தவில்லை. நான்காவது ஒரு வடிவம் கைவசம் இருந்தது, நன்றாகவும் வந்திருந்தது. நீக்கிவிட்டேன். அந்த அறையில் அவள் சொன்னவை, அவள் வாயில் நான் வைக்காத முதல் வார்த்தைகள். அவை அவளை வெளியே கொண்டுவந்தன. என்னுடைய ஒன்பதும் அவளை உள்ளே தள்ளியவை.

10

ஆகவே பத்தாவது பதிலை இப்படியே விடுகிறேன். நீங்கள் எழுதிக்கொள்ளலாம், இடம் விட்டிருக்கிறேன். எழுதினால் அவளிடம் வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பதில் பத்து: (                                        )

இதற்குக் கீழே, கைப்பிரதியில், பென்சிலில் சின்ன எழுத்தில் இருப்பது என்னுடையது அல்ல:

‘படித்துப் பார்த்தேன். துணி நாற்பத்திரண்டு அல்ல, நாற்பது. மற்றபடி சரி.’